மண்ணுளிப் பாம்பை வளர்க்கலாமா?

திருவேற்காட்டில் அம்மன் கோயில் புற்றுக்குப் பால் ஊற்றும் நாம், பாம்பை வீட்டில் வளர்க்க நினைப்பதில்லை. மேல்நாட்டிலோ அமெரிக்கக் கண்டத்துப் போவா பாம்பைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறார்கள். அதன் உறவுதான் நம் மண்ணுளி. மொட்டையான வாலும் தலைபோல் தோன்றுவதால் இருதலைப் பாம்பு என்கிறோம். நஞ்சில்லாதது, எலியை இறுக்கிக் கொன்று தின்னும்.

வளர்ப்பில் பெரிய சிக்கல் உணவன்று, வெப்பம். நம் உடல் சூட்டை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். பாம்பு அதை வெளியிலிருந்து பெற வேண்டும். விழுங்கிய இரை செரிக்கவும் அந்தச் சூடு தேவை. ஆகவே போவாவின் பெட்டியில் ஒரு முனையை ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸிலும் மறுமுனையை 26 டிகிரியிலும் வைப்பார்கள். வேண்டிய பக்கத்துக்குப் பாம்பு நகர்ந்துகொள்ளும். மண்ணுளிக்கு இந்த ஏற்பாட்டை மண்ணே செய்துவிடுகிறது. நண்பகல் வெயிலின் கொதிப்பு ஓரடி ஆழத்தை எட்டுவதில்லை. கோணிப்பையில் கட்டிவைத்தால் அதற்குப் போக்கிடம் ஏது?

அப்படிக் கட்டிவைப்பவர்களும் இருக்கிறார்கள். புதையல் காட்டும், நோய் தீர்க்கும் என்று கதை கட்டி, எடை போட்டு, இலட்சக்கணக்கில் விலை பேசுகிறார்கள். அத்தனையும் புரட்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மண்ணுளியைப் பிடிப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம், சிறைத்தண்டனை உண்டு. அயல்நாட்டுப் போவா வைத்திருப்பவரும், 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அதை அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். தோட்டத்தில் மண்ணுளி தென்பட்டால் அதன் போக்கில் விட்டுவிடுங்கள். வீட்டுக்குள் வந்துவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.