போக 8 மணி... வர 7 மணி!

இங்கிலாந்தில் உள்ள லண்டனுக்கும், அமெரிக்காவில் உள்ள நியூயார்க்குக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 5,550 கி.மீ. நடுவில் அட்லாண்டிக் பெருங்கடல். லண்டனிலிருந்து நியூயார்க் போக விமானத்துக்குச் சுமார் 8 மணி நேரம் ஆகிறது. அதே விமானம் திரும்பி வர, சுமார் 7 மணி நேரம்தான்! தூரமும் ஒன்றுதான், விமானமும் ஒன்றுதான். அந்த ஒரு மணி நேரம் எங்கே போச்சு, குட்டீஸ்?

“பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறதே, அதனால்தான்!” என்று சிலர் சட்டென்று சொல்லிவிடுவார்கள். கொஞ்சம் யோசியுங்கள். அது சரி என்றால், மேற்கே இருக்கும் நியூயார்க் அல்லவா விமானத்தை நோக்கி ஓடி வர வேண்டும்? போகும் நேரம்தானே குறைய வேண்டும்? நடப்பதோ நேர் எதிர்! பூமி சுழலும்போது, அதைச் சுற்றியுள்ள காற்றும் கூடவே சுழல்கிறது. ஓடும் ரயிலுக்குள் நின்ற இடத்தில் குதித்தால், அதே இடத்தில்தானே இறங்குகிறோம்? அது மாதிரிதான்.

அப்படியானால் காரணம் யார்? காற்று!

தரையிலிருந்து சுமார் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு பாய்கிறது. அதன் பெயர் ‘ஜெட் ஸ்ட்ரீம்’. பூமத்திய ரேகைப் பக்கத்து வெப்பக் காற்று, துருவப் பக்கத்துக் குளிர் காற்றை நோக்கி நகரும். பூமியின் சுழற்சி அதைக் கிழக்குப் பக்கமாகத் திருப்பிவிடும். குளிர்காலத்தில் வெப்ப வித்தியாசம் அதிகம் என்பதால், காற்றின் வேகமும் அதிகம். சில நாட்களில் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டிவிடும்!

ஜப்பான் விஞ்ஞானி வசாபுரோ ஓயிஷி, 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு இந்தக் காற்றை அளந்தார். உலகத்தார் எல்லோரும் படிக்கட்டும் என்று, 1926-ல் ‘எஸ்பெராண்டோ’ என்ற பொது மொழியில் அறிக்கை எழுதினார். பாவம், அந்த மொழி தெரிந்தவர்கள் மிகச் சிலரே! அதனால் அவர் கண்டுபிடிப்பைப் பல ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை.

இன்று விமானிகள் தினமும் காற்றின் போக்கைப் பார்த்துத்தான் வழியை முடிவு செய்கிறார்கள். லண்டன் வரும்போது காற்று ஆற்றில் ஏறிக்கொள்வார்கள். நியூயார்க் போகும்போது அதை விட்டு விலகிப் போவார்கள். 2020 பிப்ரவரியில் புயல் காற்று பின்னாலிருந்து தள்ள, ஒரு போயிங் 747 விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது!

இப்போது ஒரு கணக்கு. விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ., காற்றின் வேகம் 100 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். போகும்போது 800; வரும்போது 1,000. போகும்போது இழந்த நேரம், வரும்போது அப்படியே கிடைத்துவிடுமா?

போட்டுப் பாருங்கள். காற்றே இல்லாவிட்டால் போய் வர 12 மணி 20 நிமிடம். காற்று இருந்தால், போக 6 மணி 56 நிமிடம். வர 5 மணி 33 நிமிடம். மொத்தம் 12 மணி 29 நிமிடம்! 9 நிமிடம் நஷ்டம். ஏன் தெரியுமா? காற்று உதவுவது 5½ மணி நேரம்தான். தடுப்பதோ ஏறக்குறைய 7 மணி நேரம்!

எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும், இல்லையா குட்டீஸ்?