இல்லறத்தாரும் துவிச்சக்கரவண்டிப் பந்தயமும்

பதுளை நகர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீட்டர் உயரத்திலும், அப்புத்தளை சுமார் 1,430 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. இடையிலுள்ள தேயிலை மலைப்பாதையிலே, நாற்பது வயதைக் கடந்த குடும்பத்தவர் ஒருவர் துவிச்சக்கரவண்டிப் பந்தயத்துக்குப் பயிலலாகுமா? ஆகும், ஆயின், முறையறிந்து பயிலவேண்டும்.

சமவெளியில் வண்டியோட்டியை எதிர்ப்பது காற்று. மலையேற்றத்தில் எதிர்ப்பது பாரம். ஏற்றத்தில் மிதிப்பதை நிறுத்தினால் வண்டியும் நின்றுவிடும். ஆகவே, தொழிலுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் இடையே ஒரு மணி நேரமே வாய்ப்பவருக்கு மலைப்பாதை சிறந்த பயிற்சிக்களமாகும்.

வயது ஏற ஏற இதயத்தின் உச்சத்துடிப்புக் குறையும். களைப்பு நீங்கவும் கூடிய காலம் செல்லும். எனவே வாரத்தில் இரு நாட்கள் கடும்பயிற்சி போதும். ஏனைய நாட்களில் மென்பயிற்சியோ ஓய்வோ வேண்டும். தொடங்குமுன் மருத்துவரைக் கலந்துகொள்வது நன்று. பிரான்சு நாட்டின் ரொபேர் மார்ஷான் 2012ஆம் ஆண்டு, தமது நூறாவது வயதில், ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓடினார். அதன்பின் முறையாகப் பயின்று, 2014இல் 26.927 கிலோமீட்டர் ஓடினார்.

உண்மையான ஆபத்து இறக்கத்திலேயே உண்டு. வடகீழ்ப் பருவமழை ஊவாவை நனைக்கும் நாட்களில் பிறேக் பிடிப்பது தாமதமாகும். வளைவுக்குள் நுழையுமுன்பே வேகத்தைத் தணித்தல் வேண்டும். இழந்த பந்தயத்தை மறுமுறை வெல்லலாம். பிள்ளைகள் வாசலிற் காத்திருக்கும் தந்தையோ தாயோ வளைவிலே தவறலாகாது.