அனல்மின் நிலையப் புகையில் பாதரசம்.. களிமண் தூளால் பிடிக்க முடியுமா?

பழைய தெர்மாமீட்டர் உடைந்தால் தரையில் முத்து முத்தாக உருண்டு ஓடுமே, அதே பாதரசம் நிலக்கரியிலும் இருக்கிறது. ஒரு டன் நிலக்கரியில் ஒரு கிராம்கூட இருக்காது. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் ஒரு பெரிய அனல்மின் நிலையம் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான டன் நிலக்கரியை எரிக்கிறது.

2015ஆம் ஆண்டில் மனிதச் செயல்களால் உலகம் முழுக்க காற்றில் கலந்த பாதரசம் சுமார் 2,220 டன் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் மதிப்பீடு. இதில் சுமார் 21 சதவீதம் நிலக்கரி எரிப்பதால் வந்தது.

காற்றில் போனால் நமக்கென்ன?

போன பாதரசம் மழையோடு இறங்கி ஏரி, கடலில் சேரும். அங்குள்ள நுண்ணுயிரிகள் அதை மெத்தில் மெர்குரியாக மாற்றுகின்றன. அது மீனுக்குள் போய், மீன் வழியாக நம் தட்டுக்கு வருகிறது. கருவில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியைத்தான் இது அதிகம் பாதிக்கும். 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் கண்டறியப்பட்ட நோய்க்குக் காரணம் இதே மெத்தில் மெர்குரிதான். அங்கே அது புகையில் வரவில்லை, ரசாயன ஆலையின் கழிவுநீரில் வந்தது.

ஃபில்டர் இருந்தும் தப்பிப்பது எப்படி?

பாதரசத்தின் கொதிநிலை 357 டிகிரி செல்சியஸ். கொதிகலனுக்குள் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டும் என்பதால் அத்தனையும் ஆவியாகிவிடும். புகை குளிரும்போது ஒரு பகுதி சாம்பலில் ஒட்டிக்கொள்ளும். அதை சாம்பல் பிடிக்கும் கருவி தடுத்துவிடும். இன்னொரு பகுதி குளோரினுடன் சேர்ந்து தண்ணீரில் கரையும் வடிவத்துக்கு மாறும். எஃப்ஜிடி எனப்படும் கந்தக டை ஆக்சைடு நீக்கும் அமைப்பில் புகையைக் கழுவும்போது இதுவும் சேர்ந்து போய்விடும்.

மீதி இருப்பதுதான் தலைவலி. எதிலும் ஒட்டாத, தண்ணீரிலும் கரையாத தனிப் பாதரச ஆவி. இது மாதக்கணக்கில் காற்றில் மிதந்து நாடு விட்டு நாடு போகும்.

கார்பன் இருக்கும்போது களிமண் எதற்கு?

வீட்டு வாட்டர் ஃபில்டரில் இருக்கும் ஆக்டிவேட்டட் கார்பனைத் தூளாக்கி, புரோமின் சேர்த்து, புகைக்குழாயில் தூவுவதுதான் அமெரிக்காவில் பரவலாக உள்ள முறை. பாதரசம் அந்தத் தூளில் ஒட்டிக்கொள்ளும். தூள் சாம்பலோடு சேர்ந்து வடிகட்டியில் விழும்.

சிக்கல் இங்கேதான் வருகிறது. அனல்மின் நிலைய உலர் சாம்பல் வெறும் குப்பை அல்ல, சிமெண்டுக்கும் கான்கிரீட்டுக்கும் போகும் சரக்கு. கான்கிரீட்டுக்குள் நுண்ணிய காற்றுக் குமிழிகள் உருவாக ஒரு ரசாயனம் சேர்ப்பார்கள். சாம்பலில் கார்பன் கலந்திருந்தால் அந்த ரசாயனத்தை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் சாம்பலை யார் வாங்குவார்கள்? விற்க வேண்டியதைக் கொட்டி வைக்க வேண்டியதுதான்.

இந்த இடத்தில்தான் கனிமத் தூள் உள்ளே வருகிறது. பாலத்துக்கு பைல் போடும்போது குழி சரியாமல் இருக்க ஊற்றுவார்களே, அந்த பென்டோனைட் களிமண். வெறும் களிமண்ணை மட்டும் தூவினால் பெரிய பலன் இருக்காது. அதன் மேல் காப்பர் சல்பைடு போன்ற கந்தகச் சேர்மத்தைப் பூச வேண்டும். பாதரசத்துக்கு கந்தகம் என்றால் அவ்வளவு ஈர்ப்பு! இரண்டும் சேர்ந்தால் பாதரச சல்பைடு. சித்த மருத்துவத்தில் லிங்கம் என்று சொல்லப்படும் சிவப்புத் தாதுவும் இதே சேர்மம்தான். தண்ணீரில் கிட்டத்தட்ட கரையாது, சாதாரண வெப்பத்தில் ஆவியாகாது.

இப்படிப்பட்ட களிமண் தூளை 2006இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் உள்ள மியாமி ஃபோர்ட் அனல்மின் நிலையத்தில் முழு அளவில் சோதித்தார்கள். களிமண்ணும் சாம்பலும் இரண்டுமே சிலிகேட் வகை என்பதால், கார்பன் செய்வது போல இது சாம்பலைக் கெடுப்பதில்லை.

இந்தியாவில் என்ன நிலை?

2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு கன மீட்டர் புகைக்கு 0.03 மில்லிகிராம் பாதரசம் என வரம்பு விதித்தது. 2003க்கு முன் நிறுவப்பட்ட அலகுகளில் 500 மெகாவாட்டுக்குக் குறைவானவற்றுக்கு இது கிடையாது. அமெரிக்க வரம்போடு ஒப்பிட்டால் நம்முடையது பல மடங்கு தாராளம். இந்த வரம்புக்குள் வர தனியாகத் தூள் தூவும் அவசியமே பல நிலையங்களுக்கு வராது என்பதுதான் நிஜம்.

இதற்கிடையே, 2025 ஜூலையில் சுமார் 78 சதவீத அனல்மின் நிலையங்களுக்கு எஃப்ஜிடி பொருத்துவதிலிருந்து விலக்கு தரப்பட்டது. விலக்கு கந்தக டை ஆக்சைடு விதிக்குத்தான். ஆனால் புகையைக் கழுவும்போது கூடவே போயிருக்க வேண்டிய பாதரசமும் அங்கே கழுவப்படாது.

பிடித்த பாதரசம் எங்கே போகும்?

எங்கும் போகாது, சாம்பலில்தான் இருக்கும். அந்தச் சாம்பலை சிமெண்டுடன் கலந்தாலோ, சூளையில் சுடாமல் செய்யும் ஃப்ளை ஆஷ் கல்லாக்கினாலோ பெரிய பிரச்னை இல்லை. அதையே மண்ணோடு கலந்து செங்கல் சூளையில் வைத்தால், அந்தச் சூட்டில் கந்தகமும் பாதரசமும் பிரிந்துவிடும். அனல்மின் நிலையப் புகைபோக்கியில் தடுத்தது, சூளைப் புகையில் வெளியே வரும்.