166-வது சிறுமி எங்கே? ஓய்வு பெற்ற பிறகும் தேடிய போலீஸ்காரர்

மும்பை அந்தேரி டி.என்.நகர் போலீஸ் நிலையத்தில் உதவி சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவர் ராஜேந்திர தோண்டு போஸ்லே. 2008 முதல் 2015 வரை அங்கே காணாமல் போன சிறுமிகள் 166 பேர். போஸ்லேயும் சக போலீசாரும் 165 பேரைக் கண்டுபிடித்து விட்டார்கள்.

பாக்கி ஒரே ஒருத்தி!

2013 ஜனவரி 22-ந் தேதி பள்ளிக்கூடம் போன அந்த 7 வயதுச் சிறுமி வீடு திரும்பவில்லை. 2015-ல் போஸ்லே ஓய்வு பெற்றார். ஆனாலும் சும்மா உட்காரவில்லை. அவள் போட்டோவும் கையுமாகத் தேடினார்.

9 வருடம் ஓடிப் போச்சு. இன்டர்நெட்டில் கிடந்த பழைய 'காணவில்லை' போஸ்டர்தான் வழி காட்டியது. அதில் இருந்த போன் நம்பர்களில் பக்கத்து வீட்டுக்காரர் நம்பர் மட்டும் வேலை செய்தது. 2022 ஆகஸ்ட் 4-ந் தேதி தாயிடம் வந்து சேர்ந்தாள். வயது 16. கடைசியாக அவள் இருந்த இடம் எங்கே தெரியுமா? வீட்டிலிருந்து அரை கிலோ மீட்டருக்குள்!

போஸ்லேயின் பாக்கியும் தீர்ந்தது.