வட்டி மட்டும்தானா ‘இன்ட்ரஸ்ட்’?

சிற்றாற்றுப் பாசனத்தில் நெல் விளையும் வீரகேரளம்புதூர் வட்டாரத்தில் ‘இன்ட்ரஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்டிராத விவசாயி அரிது. பயிர்க்கடன் வாங்கியவருக்கு அது வட்டி. ‘பையனுக்குப் படிப்பில் இன்ட்ரஸ்ட் இல்லை’ என்று அவரே வருந்தும்போது அது ஆர்வம். பேச்சில் இவ்விரண்டும் குழம்புவதில்லை. சிக்கல் பத்திரத்தில்தான் தொடங்குகிறது.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், கடனுக்கு ஈடாக அசையாச் சொத்திலுள்ள ஓர் ‘இன்ட்ரஸ்ட்’டை மாற்றித் தருவதையே அடமானம் என்கிறது. இங்கே அது நிலத்தின் மீதான உரிமைக்கூறு. ஆங்கிலத்தில் எழுதப்படும் அடமானப் பத்திரத்தில், சில வரிகள் தள்ளி அதே சொல் வட்டியாகவும் வரும்.

லத்தீன் மூலத்தில் இதற்கு ‘இடையே இருத்தல்’ என்று பொருள். இடைக்கால ஐரோப்பாவில் வட்டி வாங்குவதைத் திருச்சபை தடைசெய்திருந்தது. ஆனால், தவணை தவறியதால் கடன் கொடுத்தவருக்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்யலாம் என்று சட்ட அறிஞர்கள் ஒப்பினர். அந்த ஈட்டுத்தொகையின் பெயரே பிற்காலத்தில் வட்டிக்கும் கௌரவமான பெயராயிற்று. நம்மூர்க் கந்துவட்டிக்கு அத்தகைய பெயர் இன்னும் வாய்க்கவில்லை! பொருளியலிலும் இந்த இரட்டைப் பிறவி உண்டு: 1776இல் ஆடம் ஸ்மித் பேசியது தன்னலம், 1936இல் கெய்ன்ஸ் தம் நூலின் தலைப்பிலேயே வைத்தது வட்டி.

விவசாயிக்கு மிகவும் முக்கியமான பொருள் வேறொன்று. 2016இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் வழிகாட்டு நெறிகள், காப்பீடு செய்பவருக்குப் பயிரில் ‘இன்ட்ரஸ்ட்’ இருக்க வேண்டும் என்கின்றன. குத்தகைதாரரும் வாரத்துக்குப் பயிரிடுபவரும் இதில் சேரலாம். ஆகவே நிலம் யார் பெயரில் உள்ளது என்பதன்று, பயிர் அழிந்தால் நட்டம் யார் தலையில் விழும் என்பதே இங்கே கேள்வி.

இதை ‘உரிமை’ என்று மொழிபெயர்த்தால் என்ன ஆகும்? பட்டா நிலவுடைமையாளர் பெயரில் இருக்கிறது. குத்தகையோ வாய்மொழியாகப் பேசப்பட்டது. விதையும் உரமும் தன் கைப்பணத்தில் போட்டவர், தமக்கு உரிமையில்லை என்று விண்ணப்பிக்காமலே ஒதுங்கிவிடுவார். ‘நலன்’ என்றாலோ அது மேடைச் சொல். படிவத்தில் யாருக்கும் புரியாது. கலைச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. ‘பயிர் அழிந்தால் இழப்பு உங்களுடையதா?’ என்று படிவத்திலேயே கேட்டுவிடலாம். அதற்குச் சான்றாக எதை ஏற்பது என்பதை அடுத்த வரியில் தமிழிலேயே அச்சிட வேண்டும். வாய்மொழிக் குத்தகைதாரர் தடுக்கி விழும் இடம் அந்த வரிதான்.