தட்டைத் திருப்பிப் பாருங்கள்



செலாயாங் வட்டாரத்தில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. வீடு மாறும்போது நாம் முதலில் கழிப்பது பழைய பாத்திரங்களைத்தான். துரை பங்களாவிலிருந்து தாத்தா, பாட்டி காலத்தில் வந்த கனத்த வெள்ளைத் தட்டு ஒன்று அவற்றில் இருக்கலாம். பழைய சாமான் வாங்குபவரிடம் அதைக் கொடுக்குமுன் திருப்பிப் பாருங்கள். அதன் வயது பின்பக்கத்தில் இருக்கிறது.

அது 'அயர்ன்ஸ்டோன்' வகைப் பீங்கானாக இருக்கலாம். 'அயர்ன்ஸ்டோன்' என்றால் இரும்புக்கல். பெயரில் இரும்பு இருந்தாலும் அது சுட்ட களிமண்தான். சீனப் பீங்கானின் விலை எட்டாதவர்களுக்காக, உறுதியான மலிவுப் பாண்டமாக இங்கிலாந்தில் அது பரவியது. ஸ்டாஃபர்ட்ஷயரைச் சேர்ந்த சார்லஸ் ஜேம்ஸ் மேசன் 1813-இல் அதற்கு 14 ஆண்டு உரிமம் பெற்றார். உரிமம் முடிந்தபின் பல தொழிற்சாலைகள் அதைச் செய்தன.

நம் பக்கத்துக்கென்றே தட்டு செய்தவர்களும் உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இருந்த பெல் நிறுவனம், தென்கிழக்காசியச் சந்தைக்கான சித்திரத் தட்டுகள் பலவற்றுக்கு மலாய்ப் பெயர்களை இட்டது.

இனி முத்திரையைப் படிப்போம். சாய்சதுர முத்திரை இருந்தால், அந்தச் சித்திரமோ வடிவமோ 1842-க்கும் 1883-க்கும் இடையில் பதிவானது. 'ஆர்டி' என்ற எழுத்துடன் எண் இருந்தால், 1884-இலோ அதற்குப் பின்போ பதிவானது. நாட்டின் பெயராக 'இங்கிலாந்து' என்று மட்டும் இருந்தால், பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. அமெரிக்கச் சுங்கச் சட்டமே அதற்குக் காரணம். 'மேட் இன் இங்கிலாந்து' என்றிருந்தால், பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டினது. அரச சின்னத்தைக் கண்டு ஏமாறவேண்டாம். அதைப் பல தொழிற்சாலைகள் பொறித்தன. முத்திரையைப் போலியாக அச்சிடவும் முடியும். ஆகவே கனத்தையும் தேய்மானத்தையும் சேர்த்தே பாருங்கள். விரலால் மெல்லத் தட்டுங்கள். மந்தமான ஓசை வந்தால் விரிசல் இருக்கலாம்.

தட்டைக் கொதிநீரில் போடாதீர்கள், சலவைக்காரம் ஊற்றாதீர்கள். பழைய மெருகிலும் வண்ணத்திலும் ஈயம் இருக்கலாம். ஆகையால் அதில் புளிக்குழம்போ ஊறுகாயோ வைத்துண்ண வேண்டாம். பிள்ளைகளுக்கும் அதில் சோறு போடவேண்டாம். அலமாரியில் வையுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். அந்தத் தட்டு எந்தத் தோட்டத்தில், யாருக்கு, எப்படிக் கிடைத்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். முத்திரை தொழிற்சாலையின் பெயரைத்தான் சொல்லும். அதைக் கழுவித் துடைத்துக் காத்த நம் பாட்டியின் பெயரை நாம்தான் எழுதவேண்டும். விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதை அதன்பின் முடிவு செய்யலாம்.