விருந்தினர் பாதுகாப்பும் விடுதியின் கடமையும்

விடுதியொன்றில் தங்கியிருக்கும் ஒருவரை, அங்கேயே தங்கியிருக்கும் மற்றொருவர் தாக்கிக் காயப்படுத்துகிறார். தாக்கியவர் தண்டனைக்குரியவர் என்பதில் ஐயமில்லை. காயமுற்றவருக்கு விடுதியும் இழப்பீடு வழங்க வேண்டுமா என்பதே வினா. இதற்குச் சட்டம் தந்த விடை காலப்போக்கில் மாறி வந்துள்ளது.

உடைமைக்கு மட்டும் காவல்

1584ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு வழக்கு தீர்க்கப்பட்டது. விடுதிக்கு வந்த பயணி, தம் குதிரையை மேய்ச்சல் நிலத்தில் விடுமாறு கூறினார். அங்கிருந்து அது களவுபோயிற்று. மேய்ச்சல் நிலம் விடுதிக்கு வெளியே இருந்தமையால் விடுதியாளர் பொறுப்பல்லர் என்று தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்பிலேயே வேறு இரு விதிகளும் இடம்பெற்றன. விடுதிக்குள் விருந்தினரின் உடைமை களவுபோனால் விடுதியாளர் ஈடுசெய்ய வேண்டும். விருந்தினர் அடிபட்டால் அதற்கு அவர் பொறுப்பேற்க வேண்டியதில்லை. கள்வரோடு விடுதியாளரே கூட்டுச் சேரக்கூடும் என்ற அச்சம் உடைமைக்குக் காவல் தேடித் தந்தது. உடலுக்கு அக்காவல் கிட்டவில்லை.

கவனக் கடமை

பிற்காலத்தில் வளர்ந்த தீங்கியல் சட்டம் இக்குறையைப் போக்கியது. தம் செயலாலோ செயலின்மையாலோ பிறருக்குத் தீங்கு நேரும் என முன்னுணரக்கூடியவர், அதனைத் தவிர்க்கத் தக்க கவனம் செலுத்த வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1932ஆம் ஆண்டு பிரித்தானியப் பிரபுக்கள் அவை வழங்கிய தீர்ப்பு இக்கோட்பாட்டை நிலைநிறுத்தியது. இதனைக் ‘கவனக் கடமை’ என்பர்.

உணவுக்கூடத்தில் அமைதியாக உரையாடிக்கொண்டிருந்த ஒருவர், திடீரெனச் சினந்து அருகிருப்பவரைத் தாக்குகிறார் எனக் கொள்வோம். ஊழியர் எவரும் அதனை முன்னுணர்ந்திருக்க இயலாது. ஆகவே விடுதியைக் குறைகூற இடமில்லை. மாறாக, மதுவருந்திய ஒருவர் நெடுநேரமாகப் பிறரை மிரட்டுகிறார். வரவேற்பாளரிடம் முறையிட்டும் பயனில்லை. அவருக்கு மேலும் மது வழங்கப்படுகிறது. அதன்பின் அவர் ஒருவரைக் காயப்படுத்தினால், தாக்கியவருடன் விடுதியும் பொறுப்பேற்க நேரும். அடையாளம் வினவாமல் ஒருவரது அறையின் மாற்றுச் சாவியை வேறொருவரிடம் கொடுப்பதும் இத்தகைய கவனக்குறைவே.

இந்தியத் தீர்ப்பு

தில்லியில் 1998ஆம் ஆண்டு ஒரு நட்சத்திர விடுதியின் ஊழியரிடம் விருந்தினர் ஒருவர் தம் மகிழுந்தின் சாவியை ஒப்படைத்தார். விடுதிக்கு வந்திருந்த வேறொருவர் அச்சாவியைக் கைப்பற்றி வண்டியை ஓட்டிச் சென்றுவிட்டார். சொந்தப் பொறுப்பில் நிறுத்துவதாக அடையாளச் சீட்டில் அச்சிடப்பட்டிருப்பதை விடுதி சுட்டிக்காட்டியது. தன் கவனக்குறைவை மறைக்க விடுதி அவ்வாசகத்தைக் கேடயமாகக் கொள்ள இயலாது என 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வழக்கு உடைமை பற்றியது. எனினும், பிறர் செய்த குற்றம் விடுதியின் கவனக்குறைவைத் துடைத்துவிடாது என்பதை இது காட்டுகிறது.

கட்டணம் செலுத்தித் தங்குபவர் நுகர்வோரும் ஆவார். விடுதியின் சேவைக் குறைபாட்டால் தீங்குற்றவர், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். விடுதி முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது என்பதை மெய்ப்பிக்க, எழுத்து வடிவிலான முறையீடும் கண்காணிப்புக் கருவியின் பதிவும் துணைநிற்கும்.

விருந்தினர் ஒவ்வொருவரின் நடத்தைக்கும் விடுதி பிணை நிற்க இயலாது. ஆயினும், கண்ணெதிரே தோன்றும் ஆபத்தைத் தடுக்க வாய்ப்பிருந்தும் வாளாவிருக்கும் விடுதி, அதன் விளைவுக்கு விடையளிக்கக் கடமைப்பட்டுள்ளது.